கனகம் கை வச்சாளா?

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ‘கனகம் கை வச்சாளா?’ சங்கரன்கோவிலில் ஒரு வீட்டில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும் முப்பத்தெட்டு வருஷமாக இதைத்தான் கேட்கிறார்கள். கனகலட்சுமியின் கல்யாணத்தில் ஜெனரேட்டர் நின்றபோது, மணவறையில் இருந்தவளைப் பார்த்தே கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். [அவள் சிரித்தாள் என்று எழுதுவது எனக்கு வசதி.]

காரணம், 1987இல் சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த, டிவியில் மாட்டும் சின்னக் கம்ப்யூட்டர். பதினாலு வயதுக் கனகம் அதில் புரோகிராம் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டாள். நாலாம் மாதம் அது செத்தது. நோண்டி நோண்டி அவள்தான் கெடுத்தாள் என்று வீடே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றவளை வரலாறு படிக்க அனுப்பினார்கள்.

இப்போது அதைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள். தான்தான் கெடுத்தோமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: ‘தறி ஓடும் ஊர். கரண்டு ஏறி இறங்கியதில் அந்தக் கம்ப்யூட்டர்...’

[விட்டுவிட்டேன். கனகம் படித்துவிட்டு, “கரண்டு ஏறியிருந்தா டிவியும்லா போயிருக்கும்? அது தொண்ணூத்தஞ்சு வரைக்கும் ஓடுச்சே” என்றாள்.]

இரண்டாம் தொடக்கம்: ‘மூடியைத் திறந்தால், உள்ளே கோயில் புற்றுமண்.’

மண் இருந்தது நிஜம். சொறி, சிரங்கு, பூச்சிக்கடி எதற்கும் புற்றுமண்ணையே நம்பும் அம்மா கோமதியம்மாள், கம்ப்யூட்டருக்கும் கரைத்துப் பூசியிருந்தாள். பிரமாதமான தொடக்கம்தான்.

“அம்மா பூசுனது அது செத்த பெறவு. சாமி மேல பழியப் போடாத” என்றாள் கனகம். அதையும் அடித்தேன்.

3

இனி அவள் போக்கில் விடுகிறேன். தாலுகா ஆபீஸ் விட்டு வந்து, வீடியோ பார்த்து ஒரு மாதம் சால்டரிங் பழகியிருந்தாள். விரலை மூன்று முறை சுட்டுக்கொண்டாள்.

கம்ப்யூட்டரோடு பெட்டியில் கிடந்த அடாப்டரை அவள் நேரே சொருகவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தாள். இந்தக் கம்ப்யூட்டருக்கு முனையின் நடுவில் மைனஸ் வரவேண்டும். வந்தது பிளஸ். திருப்பி, அதில் அச்சிட்டிருந்ததைப் படித்தாள். அது டேப் ரிக்கார்டருடைய அடாப்டர். முனை ஒரே அளவு என்பதால் பொருந்தியிருக்கிறது. பொருந்திய நொடியிலேயே உள்ளே கருக்கியும் விட்டது.

அந்த வீட்டில் டேப் ரிக்கார்டர் வைத்திருந்தவன் அவள் அண்ணன் பொன்னுச்சாமி மட்டும்தான்.

[இந்தப் பொன்னுச்சாமி பாத்திரம் எனக்குச் சரியாகப் படவில்லை. கதைக்கு இவன் அவசியமா?]

கருகிய டிரான்சிஸ்டரை மாற்றினாள். ஐந்து மெமரி சிப்புகளை மாற்றினாள். சரியான அடாப்டர் வாங்கிச் சொருகியபோது திரையில் கோடு கோடாக வந்தது. ஆறாவதையும் மாற்றி, மறுபடி சொருகினாள். திரை வெள்ளையாகி, அடியில் கம்பெனி பெயர் ஒரே ஒரு வரியாகக் கறுப்பில் வந்து நின்றது.

“நான் கெடுக்கல” என்றாள் கனகம். யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னாள். பிறகு உட்கார்ந்து, பதினாலு வயதில் எழுதிய முதல் புரோகிராமை ஞாபகத்திலிருந்தே அடித்தாள். திரை முழுக்க அவள் பெயர் நிரம்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

4

முடிவு அ: பொன்னுச்சாமிக்கு எதுவுமே நினைவில்லை.

முடிவு ஆ: பொன்னுச்சாமி போன வருஷமே இறந்துவிட்டான். [சௌகரியம்.]

கனகம் இரண்டையும் படித்தாள். “செத்தவனா எங்கிட்ட வந்து கதையக் காட்டுதான், அண்ணே?”

ஆமாம், பொன்னுச்சாமி நான்தான். அவள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மத்தியானம், தனியாக விளையாடிப் பார்க்கும் ஆசையில் கைக்குக் கிடைத்த அடாப்டரைச் சொருகினேன். கருகல் வாசம் வந்தது. பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனேன். சாயங்காலம் அம்மாவிடம் அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவனும் நானே.

“ஞாயித்துக்கெழம எல்லாரும் வாராக. அவுக முன்னால வாசி. இந்தப் பத்திய மட்டும் விட்டுராத” என்றாள்.

5

இன்று ஞாயிறு. கூடத்தில் சொந்தபந்தம் நிறைந்திருக்கிறது. டிவியில் அவள் பெயர் ஓடுகிறது. நான் தாளை எடுத்த நேரத்தில் அடுக்களையில் மிக்ஸி நின்றது. பழக்கதோஷம், என் மனைவியே கேட்டுவிட்டாள்: “கனகம் கை வச்சாளா?”

“இனிமேதான் வைக்கப்போறேன் மதினி. அதுக்குள்ள அண்ணன் வாசிச்சு முடிக்கட்டும்.” ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கனகம் அடுக்களைக்குள் போனாள்.

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். வாசிப்பதா, மடித்துப் பைக்குள் வைப்பதா, நீங்களே சொல்லுங்கள். மிக்ஸி ஓடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.