கழித்தது போக மீதி

கேப்டன் கத்தமாட்டார். தங்கச் சுரங்க ஷாப்டின் வாயில் நின்று, கூண்டில் கீழே போகிறவர்களையும் மேலே வருகிறவர்களையும் பார்ப்பார். குறை கண்டால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல். அதைத் தமிழில் சொல்வதற்குப் பக்கத்தில் கொர்னேலியஸ் நிற்பான். அதுதான் அவனுடைய வேலை.

அவர் கண்ணில் பட்ட குறை பெரும்பாலும் ஒன்றுதான்: அளவு மீறுவது. தள்ளுவண்டியில் கல் கூடினால் ஓவர்லோட். வெடிமருந்து கூடினால் ஓவர்சார்ஜ். முனியப்பன் முட்டுமரங்களை நெருக்கி நட்டபோது ஓவர்டிம்பர். செய்த காரியத்தின் தலையில் ஓவரை வைத்தால் பயமில்லை. அடுத்த ஷிப்டில் திருத்திக்கொள்ளலாம். அவர் மறந்துவிடுவார்.

ஆளின் குணத்துக்கு முன்னால், மிதமிஞ்சியது என்று 'டூ' போட்டால் கதை வேறு. பம்ப் பார்த்த ஆர்தரை ஒரு நாள் 'டூ கேர்ஃபுல்' என்றார். ஜாக்கிரதைக்காரன் என்று துரை மெச்சியதாக நினைத்து ஆர்தர் வீட்டில் பாயசம் வைத்தான். அந்த வாரமே பேரேட்டில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். பேச்சுக்காரன் ஒருவன், தூக்கக்காரன் ஒருவன், பிறகு சமையல்காரன். எல்லோருக்கும் முதலில் டூ வந்தது, பிறகு வேலை போனது. ஆட்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் முழுக்க இது தெரியும்.

"எனுக்கு ஓவர்தாம்பா வுழுந்துது" என்று முனியப்பன் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தான். "டூ வுழுந்திருந்தா இந்நேரம் மூட்டை கட்டிகினு இருப்பேன்."

சகாயம் வந்த பிறகு கேப்டனுக்கு இரண்டு துபாஷிகள் ஆனார்கள். சகாயம் வேலூர் மிஷன் பள்ளியில் படித்தவன். கொர்னேலியஸைவிடச் சில வயது இளையவன். நெட்டை. சிரித்தால் எதிரில் இருப்பவனும் சிரிப்பான். கொர்னேலியஸ் மட்டும் அதற்குப் பழகவில்லை.

ஒரு நாள் கூண்டுக்குப் புதுக் கயிறு மாற்றினார்கள். ஆட்கள் ஏற மறுத்தார்கள். கொர்னேலியஸ் கேப்டனின் உத்தரவை இரண்டு முறை சொன்னான். யாரும் அசையவில்லை. சகாயம் போய்க் கூண்டுக்குள் நின்றுகொண்டான்.

"கயிறு அறுந்தா மொதல்ல நான் போறேன். எனுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. உங்களுக்கெல்லாம் இன்னா? வூட்ல பொஞ்சாதிங்களே உங்களை தெனம் கீழ எறக்கி வுட்டுப் பழக்கிட்டாங்க."

ஆட்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

"நாட் பேட்" என்றார் கேப்டன்.

மோசமில்லை. அதற்கு மேல் அவர் எவரையும் புகழ்ந்ததில்லை. கொர்னேலியஸுக்கு அது ஒரு முறைகூடக் கிடைத்ததில்லை. அன்று முழுவதும் அந்த இரண்டு சொல்லும் பல்லில் சிக்கிய நார் போல இருந்தன.

வீட்டில் பாக்கியவதி சோறு போட்டாள்.

"ஞாயித்துக்கெழமை சகாயம் தம்பி பாடினத கேட்டீங்களா? கோயில் ஓடெல்லாம் கெளம்பிடும்போல."

"சத்தம் அதிகம்."

"சத்தம் அதிகமில்ல. உங்களுக்குத்தான் காது அதிகம்."

அவன் பாதிச் சோற்றில் எழுந்தான்.

சுரங்கத்தின் கோரமண்டல் பகுதியில் புதிதாக ஒரு ஷாப்ட் தோண்டினார்கள். கேப்டன் அங்கே மாறிப் போகிறார், ஒரு துபாஷியை உடன் அழைத்துப் போவார் என்று பேச்சு. போகிறவனுக்கு ஓட்டு வீடு. தங்குகிறவன் பழைய ஷாப்டில் வேறு துரையிடம் பெயர் கூப்பிடும் வேலைக்குப் போக வேண்டும். கொர்னேலியஸ் அந்த ஓட்டு வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கொல்லையில் முருங்கை வைக்க இடம் இருந்தது.

கேப்டன் அவனைக் கூப்பிட்டார். "நாளை சகாயத்தைப் பற்றி எனக்குச் சொல். நீ அவனோடு வேலை செய்கிறவன்."

கொர்னேலியஸ் யோசித்தான். குறை சொன்னால் கேப்டன் மோப்பம் பிடித்துவிடுவார். பொறாமை என்பார். வேறு வழி இருந்தது. முன்பு ஒரு மேஸ்திரி தன் மைத்துனனுக்கு வேலை கேட்டு வந்தான். மைசூர் ராஜ்யத்திலேயே இவனைப் போல வெடி வைப்பவன் இல்லை என்றான். கேப்டன் 'டூ குட்' என்றார். மைத்துனன் வந்த வழியே போனான். நம் ஆட்கள் புகழ்ந்தால் கேப்டனுக்கு நம்பிக்கை போய்விடும். கொர்னேலியஸ் இதைப் பல முறை பார்த்திருக்கிறான்.

புகழ்ந்தே கவிழ்ப்பது என்று முடிவு செய்தான்.

மறுநாள் கேப்டனின் அறையில் நின்றான். பேச்சு ஆங்கிலத்தில்.

"சகாயத்தைப் போன்ற துபாஷியை நான் பார்த்ததில்லை, ஐயா."

"ம்."

"ஒரு சொல்லைக்கூட விடமாட்டான். ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கமாட்டான். தெலுங்குக்காரனிடம் தெலுங்கு, கன்னடக்காரனிடம் கன்னடம். ஆட்கள் அவனுக்காக நெருப்பில் இறங்குவார்கள்."

கேப்டன் பைப்பில் புகையிலையை அழுத்தினார்.

"குடிப்பானா?"

"தொடமாட்டான்."

"கோபம்?"

"கோபமே வராது. தாமதமாக வந்ததில்லை. பொய் சொன்னதில்லை. அவன் முன்னால் நான் ஒன்றுமே இல்லை, ஐயா."

கூட்டிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், வந்ததில் பெரும்பகுதி உண்மையாக இருந்தது. பொய்யைத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது.

"குறை?"

"நான் காணவில்லை."

கேப்டன் பைப்பைப் பற்றவைத்தார்.

"யூ ஓவர்பிரெய்ஸ், கொர்னேலியஸ்."

அளவுக்கு மேல் புகழ்கிறாய். வெறும் ஓவர்தான், டூ இல்லை. கொர்னேலியஸ் வெளியே வந்து மூச்சு விட்டான். அவர் நம்பவில்லை. சகாயம் தீர்ந்தான். அன்று மாலை பாக்கியவதியிடம் முருங்கைக் கிளை எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

சனிக்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில் கேப்டன் அறிவித்தார். அவரோடு போவது சகாயம்.

கொர்னேலியஸ் அவர் பின்னாலேயே நடந்தான். கேப்டன்தான் நின்றார்.

"நீ சொன்னதில் பாதியைக் கழித்தேன்" என்றார். "மிஞ்சியதிலும் பாதியைக் கழித்தேன். மீதி இருந்ததே எனக்குப் போதும்."

"ஐயா, நான்..."

"நீ நல்லவன். டூ ஜெனரஸ். கூட இருப்பவனிடம் குறையே காணாத ஆளை நான் கீழே நம்ப முடியாது. நாளைக்குப் பாறை விரிசலையும் நீ இல்லை என்பாய்."

கையை நீட்டினார். கொர்னேலியஸ் பிடித்துக் குலுக்கினான். அவர் அவன் கையைப் பிடித்தது அதுவே முதல் முறை.

முனியப்பன் மர அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா அண்ணாத்தே, துரை கை குடுத்தாரு? டூ கீது போட்டாரா?"

"போடா, வேலையப் பாரு."

"போட்டுட்டாரு" என்றான் முனியப்பன் பக்கத்தில் இருந்தவனிடம். "மூஞ்சியப் பாத்தாலே தெரீதே. இன்னா டூ?"

கொர்னேலியஸ் நடையைக் கூட்டினான். தாராளம் என்று சொன்னால் அவன் நாள் முழுக்கச் சிரிப்பான்.

இருட்டுவதற்கு முன் சகாயம் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். கண் கலங்கியிருந்தது.

"துரை எல்லாம் சொன்னாருண்ணே. நீங்க சொன்னத ஒண்ணொண்ணா சொன்னாரு. எங்க அப்பாகூட என்னப் பத்தி அப்டி ஒரு வார்த்த சொன்னதில்ல. நீங்க போவவேண்டிய எடத்துக்கு என்ன அனுப்பியிருக்கீங்க."

"சரி சரி. உக்காரு."

"இன்னொண்ணுண்ணே. கேக்க வெக்கமா கீது." சகாயம் தலையைச் சொறிந்தான். "ஸ்டோர் ஏனோக் அய்யா பொண்ணு ஞானசுந்தரிய பேசி வச்சிருக்கு. அவுரு கொஞ்சம் தயங்குறாரு. நீங்க துரைகிட்ட சொன்னத அவுருகிட்டயும் ஒருவாட்டி சொன்னீங்கன்னா..."

கொர்னேலியஸ் வாயைத் திறப்பதற்குள் பாக்கியவதி உள்ளேயிருந்து வந்தாள்.

"சொல்லாம? நாளைக்கே வர்றோம் தம்பி."

ஞாயிறு ஆராதனை முடிந்து ஏனோக் வீட்டுக்குப் போனார்கள். ஏனோக் ஸ்டோரில் கணக்கர், சந்தேகப் பேர்வழி. பாய் விரித்திருந்தது. தட்டில் வாழைப்பழம். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம். சகாயம் வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றான், எதுவும் காதில் விழாதவன் போல.

"பையன் எப்டி? உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றார் ஏனோக்.

கொர்னேலியஸ் கோட்டுப் பொத்தானைத் திருகினான். இங்கே குறைத்துச் சொன்னால் சகாயத்துக்குத் தெரிந்துவிடும். கேப்டனுக்கும் போய்ச் சேரும். பக்கத்தில் பாக்கியவதி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல பையன்" என்றான். "குடி கெடையாது. கோவம் கெடையாது. பொய் சொல்லமாட்டாரு. இவர மாதிரி ஒருத்தர நான் பாத்ததில்ல."

கேப்டனாக இருந்தால் இந்நேரம் பைப்பை எடுத்திருப்பார். ஏனோக் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

"இவரு கம்மியாத்தான் சொல்றாரு" என்றாள் பாக்கியவதி. "நான் சொல்றேன் கேளுங்க."

சொல்ல ஆரம்பித்தாள். கொர்னேலியஸுக்குத் தெரியாத சங்கதியெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் இல்லாத மாதத்தில் சகாயம் லைன் வீடுகளுக்குக் குடம் சுமந்தது. அவளுடைய குடத்தையும் சுமந்தது. சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தை அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அவன் ஒரு வாழைப்பழத்தை உரித்தான். அவள் இன்னும் நிறுத்தவில்லை.