இருபத்திரண்டு டப்பாவுக்கு ஒரே ஆள்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் தபால் பிரிவைப் பார்த்தவளைத் தபாலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வரும் கடிதத்துக்கு முத்திரை, போகும் கடிதத்துக்கு எண், இதுவே அவள் வேலை. அந்தக் கூடத்தில் கணினி இல்லாத மேசை அவளுடையது மட்டும். மேலாளருடையது உட்பட மற்ற இருபத்திரண்டு மேசைகளிலும் திரைக்குப் பின்னால் சோப்புப்பெட்டி அளவில் ஒரு டப்பா இருந்தது. அதற்குள் சொந்தமாக எதுவும் கிடையாது. எல்லாம் மாடியறையிலிருந்த பெரிய கணினியில்தான். டப்பா அதை எட்டிப் பார்க்கும், அவ்வளவே. எட்டிப் பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

அதைப் புதுப்பிக்கும் படிவத்தில்தான் வினை வந்தது. டப்பாக் கணக்கில் வாங்கினால் ஒரு டப்பாவை எத்தனை பேரும் தொடலாம். ஆள் கணக்கில் வாங்கினால் ஒரே ஆள் எத்தனை டப்பாவையும் தொடலாம். மேலாளர் எதையும் படிக்காமல் ஆள் கணக்கில் குறி போட்டார். கீழே பெயர் எழுதும் இடம் காலியாக இருப்பதைப் பார்த்த தபாலக்கா, அனுப்புகிறவள் நான்தானே என்று தன் பெயரை எழுதி உறையை ஒட்டி அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை இருபத்திரண்டு திரைகளும், உங்களுக்கு அனுமதி இல்லை என்றன. சிஸ்டம்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, இந்தக் கட்டிடத்தில் அனுமதி உள்ள ஒரே ஆள் தபாலக்காதான் என்றார். திருத்திக் கொடுக்க மூன்று வாரமாகும் என்றது லைசென்ஸ் விற்ற கம்பெனி. இணைப்பு கேட்டு வந்தவர்களின் வரிசையோ வாசலைத் தாண்டி நின்றது. வேறு வழியில்லாமல் மேலாளர், சக்கரம் வைத்த தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து அவள் மேசைக்கு மேசை உருண்டாள். அந்தந்த மேசைக்காரர்கள் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டினாள். வீட்டில் அவள் வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்ததைப் பார்த்து, தையல்காரரான கணவர் ஆபீஸில் ஓட்டப்பந்தயமா என்று கேட்டார்.

"இல்லங்க. இருபத்திரண்டு பேருக்கும் நான்தான் விரல்."

இரண்டாவது வாரம் கம்பெனியிலிருந்து ஒரு தணிக்கை அதிகாரி வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அரைநாள் பேசாமல் கவனித்துவிட்டு, விண்ணப்பப் பிரிவு அதிகாரியிடம் திரும்பினாள்.

"நீங்க சொல்லித்தான் அவங்க அடிக்கிறாங்க. அப்ப நீங்களும் பயனர்தான். லைசென்ஸ் எங்க?"

துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்று மேலாளர் இழுத்தார். எழுதினாலும், சைகை காட்டினாலும் பயன்பாடுதான் என்றாள் அவள். அதனால் மறுநாள் முதல் தபாலக்காவிடம் யாரும் வேலை பற்றி வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. இருபத்திரண்டு பேரும் கைகட்டி உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் வேலை செய்தாள்.

அது அவளுக்கு அத்தனை சிரமமாக இல்லை. பத்தொன்பது வருடமாக முத்திரை குத்துகிறவள், குத்துமுன் ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிடுவாள். பின்தெருவிலிருந்து ஒரு பெண் குடிநீர் இணைப்பு கேட்டுப் பதினோரு முறை எழுதியிருந்தாள். வரைபடத்தில் வீட்டு எண் நாற்பத்தொன்று, படிவத்தில் பதினான்கு என்று பதினோரு முறையும் திருப்பியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பியவள் தபாலக்காதான், அது அவளுக்கு உறுத்தலாகவே இருந்தது. இப்போது அவள் வரைபடத்தின் எண்ணைப் பதினான்காகத் திருத்தி, இணைப்பு கொடுக்கலாம் என்று தட்டினாள். பக்கத்திலிருந்த விண்ணப்பப் பிரிவு அதிகாரிக்கு முகம் சிவந்தது. அவர் பலமாகத் தொண்டையைச் செருமினார். தினமும் வந்து உட்கார்ந்திருந்த தணிக்கை அதிகாரி நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது வாரக் கடைசியில் டப்பாக் கணக்கில் லைசென்ஸ் வந்தது. வாய் திறக்க முடிந்ததும் விண்ணப்பப் பிரிவு அதிகாரி கேட்ட முதல் கேள்வி அந்த இணைப்பைப் பற்றித்தான்.

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"கேட்டிருந்தா நீங்களும் பயனராயிருப்பீங்க சார்."

அந்த இணைப்பை ரத்து செய்ய வேண்டுமென்றால், அந்த நாட்களில் இருபத்திரண்டு பேரும் ஏன் சும்மா இருந்தார்கள் என்று தலைமையகத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். மேலாளர் கோப்பை மூடச் சொன்னார். தபாலக்கா தன் மேசைக்குத் திரும்பினாள். அங்கே மூன்று வாரத் தபால் குவிந்து கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரோடு துணி வாங்கப் போனவள், பின்தெரு வழியாகப் போகலாம் என்றாள். பதினான்காம் எண் வீட்டு வாசலில் புதிதாகத் தோண்டிய பள்ளமும், அதற்குள் நீலக் குழாயும் தெரிந்தன. ஒரு பெண் சேறு மிதிக்காமலிருக்கக் குறுக்கே பலகை போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே என்ன வேலை என்று கணவர் கேட்டார். செருப்பில் மண் ஒட்டிக்கொண்டது என்று சொல்லி, தபாலக்கா இன்னும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள்.