சீமாட்டி குட்டி போட்ட காலை

குதிரைக்காரர் பதினோரு ராத்திரி லாயத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்துப் பார்த்துவிட்டார். நிறைமாதக் குதிரையான சீமாட்டி அசைந்து கொடுக்கவில்லை. வைக்கோலை மென்றபடி அவரை ஏற இறங்கப் பார்த்ததோடு சரி. பன்னிரண்டாம் நாள் காலையில் தவிடு அடியோடு தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் கிழட்டுக் குதிரையை வண்டியில் பூட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே மில்லுக்குக் கிளம்பிப் போனார். வண்டி வளைவில் மறைந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. சீமாட்டி படுத்துவிட்டது.

அதை முதலில் பார்த்தவள் அவருடைய தங்கை. பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவள், பத்து நாள் லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். குதிரை என்றால் அவளுக்குக் குலை நடுக்கம். அன்றைக்கும் வேலிக்கு இந்தப் பக்கமே நின்று தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவள், டம்ளரை அப்படியே வேலிக்கம்பத்தின்மேல் வைத்துவிட்டு ஆட்டுக்கொட்டகைக்கு ஓடினாள்.

"அண்ணி, குதிரை படுத்திருச்சு. வயிறு மேலயும் கீழயும் போகுது."

அண்ணி என்பது வீட்டில். வெளியில் எல்லோருக்கும் அவள் ஆட்டுக்காரம்மா. அந்த மூன்று ஏக்கர் நிலத்தில் பாகப்பிரிவினை வெகு சுத்தமாக நடந்திருந்தது. லாயமும் இரண்டு குதிரைகளும் புருஷனுக்கு. கொட்டகையும் பதினான்கு ஆடுகளும் பெண்டாட்டிக்கு. ஆடு பால் கொடுக்கிறது, குட்டி கொடுக்கிறது, எரு கொடுக்கிறது, குதிரை என்ன கொடுக்கிறது என்று அவள் கேட்பாள். நீ ஆட்டின்மேல் ஏறி ஒரு தடவை மில்லுக்குப் போய்விட்டு வா, அப்புறம் பேசு என்பார் அவர். கல்யாணமான நாளிலிருந்து இதே வழக்குதான், தீர்ப்பு வந்தபாடில்லை.

ஆனால் பிரசவம் என்று காதில் விழுந்ததும் அவள் கையிலிருந்த பால் சொம்பு தானாகத் தரைக்குப் போனது. இத்தனை வருஷத்தில் நூறு குட்டிகளுக்குக் குறையாமல் கையில் வாங்கியவள் அவள். தொட்டியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, அண்ணனுக்குப் போன் போடு என்று நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் போட்டாள். மணி வீட்டுக்குள்ளிருந்து அடித்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சட்டைப் பைக்குள் குதிரைக்காரரின் போன் பாடிக்கொண்டிருந்தது.

லாயத்துக்குள் போனபோது பனிக்குடம் உடைந்து தரை நனைந்திருந்தது. சீமாட்டி பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தை நீட்டி முக்கியது. அதன் பழுப்பு உடம்பு முழுக்க வியர்வை. ஆட்டுக்காரம்மா வாலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வெள்ளைத் தோல் போர்த்திய ஒரு குளம்பு வெளியே தெரிந்தது. கொஞ்சம் பின்னால் இன்னொன்று. அடுத்து என்ன வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். குதிரையானாலும் ஆடானாலும் கணக்கு ஒன்றுதான். மூக்கு வர வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு கால்களுக்கும் நடுவே, முழங்காலில் தாடையை வைத்தபடி, மூக்கு வந்தது.

"சரியா வருது, சரியா வருது" என்று அவள் முணுமுணுத்தாள். யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

தோள் வரும்போதுதான் சற்றுச் சிரமப்பட்டது. அவள் இரண்டு கால்களையும் பிடித்து, சீமாட்டி முக்கும்போது மட்டும் கீழ்ப்பக்கமாக இழுத்துக் கொடுத்தாள். மூன்றாவது முக்கலில் மொத்தக் குட்டியும் வழுக்கிக்கொண்டு அவள் மடியில் வந்து விழுந்தது. ஆட்டுக்குட்டி வாங்கிப் பழகிய மடி. பாரம் தாங்காமல் அவளே பின்னால் சாய்ந்து வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கின் மேலிருந்த சவ்வைக் கிழித்து எடுத்தாள். குட்டி தும்மியது. கறுப்புக் குட்டி. நெற்றியில் விரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளை. கால்கள் மட்டும் வேறு ஏதோ பெரிய மிருகத்திடம் இரவல் வாங்கி வந்த மாதிரி அத்தனை நீளம்.

வாசலில் நாத்தனார் சிரித்துக்கொண்டே அழுதாள்.

குட்டி நான்கு தடவை எழுந்து நான்கு தடவையும் விழுந்தது. ஒரு தடவை சுவரில் முட்டிக்கொண்டது. ஐந்தாம் தடவை காலை நாலாபக்கமும் பரப்பி வைத்து, ஆடி ஆடி நின்றுவிட்டது. இரண்டு பேரும் கைதட்டாத குறை. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

நின்ற குட்டி தாயைத் தேடிப் போய், வாயைச் சப்பிக்கொண்டே மடிக்குக் கீழே தலையை நுழைத்தது. சீமாட்டி காதைப் பின்னால் மடித்துக் கீச்சென்று கத்தி, காலைத் தூக்கி ஒரு உதை விட்டது. நல்லவேளை, குளம்பு படவில்லை, தொடைதான் இடித்தது. குட்டி போய் வைக்கோலில் விழுந்தது. மறுபடி எழுந்து போனது. மறுபடி உதை. சீமாட்டிக்கு இதுதான் தலைப்பிரசவம். திடீரென்று ஒரு கறுப்பு ஜந்து எங்கிருந்தோ வந்து மடியில் இடிக்கிறது என்பது மட்டும்தான் அதற்குப் புரிந்தது போலிருந்தது.

ஆட்டுக்காரம்மா குட்டியை மூலைக்கு இழுத்து, குறுக்கே இரண்டு வைக்கோல் கட்டுகளைப் போட்டு மறித்தாள். மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போனது. அந்தம்மா எங்கோ ஒரு பண்ணையில் பசுவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். அதுவரை காத்திருக்கக் கூடாது, குட்டிக்குச் சீம்பால் உள்ளே போயாக வேண்டும், கறந்து புட்டியில் ஊட்டுங்கள் என்றார். அதற்கு ஒரு வழியும் சொன்னார்: குதிரையைச் சுவரோரமாக நிறுத்தி ஒரு ஆள் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கறப்பவர் எந்தப் பக்கமோ பிடிப்பவரும் அதே பக்கம். உதைக்க வந்தால் தலையைத் தன் பக்கம் இழுத்தால் போதும், பின்கால் அந்தண்டை போய்விடும்.

போனை வைத்தபோது, அந்த ஒரு ஆள் யார் என்ற கேள்வி லாயத்துக்குள் எழுந்து நின்றது. இருந்தது இரண்டே பேர். கறக்கத் தெரிந்தவள் ஒருத்தி.

"அண்ணி, என்னால முடியாது. நான் அது பக்கத்துல போனதே இல்ல."

"உன் பஸ்ல தினம் எத்தனை பேரை அடக்கி உட்கார வைக்கிற. இது ஒரே ஒரு ஆளு. அவளுக்கும் இன்னைக்குத்தான் முதல் நாள். உன்னைவிட அவளுக்குத்தான் பயம் அதிகம்."

நாத்தனார் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். கயிற்றைக் கையில் வாங்கியவள், சீமாட்டியின் கண்ணைப் பார்த்தாள். சீமாட்டி தலையை உதறியது. அவ்வளவுதான், பதினைந்து வருஷம் நெரிசலில் பழகிய குரல் அவளையும் கேட்காமல் வெளியே வந்துவிட்டது.

"தள்ளு. உள்ள தள்ளு. வழியில நிக்காத."

லாயத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. சீமாட்டி திகைத்துப்போய் இரண்டடி நகர்ந்து சுவரோரமாக நின்றது. நாத்தனாரும் திகைத்தாள். தான் சொல்லி ஒரு குதிரை கேட்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஆட்டுக்காரம்மா தோளைச் சீமாட்டியின் விலாவில் அழுத்தி வைத்து, மெதுவாகக் கையை மடிக்குக் கொண்டுபோனாள். குதிரைக் காம்பு சின்னது. ஆட்டைப் போல உள்ளங்கை நிறையப் பிடிக்க முடியாது. இரண்டு விரலால்தான் பிதுக்க வேண்டியிருந்தது. முதல் சொட்டு விழுந்ததுமே ஒரு உதை வந்தது. சொம்பு பறந்து கதவில் மோதியது. நாத்தனார் குதிரையின் தலையை வெடுக்கென்று இழுத்து, "டிக்கெட் எடுக்காம எங்க போற?" என்று அதட்டினாள். ஆட்டுக்காரம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கை நடுங்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, சொம்பை எடுத்துக் கழுவி மறுபடி ஆரம்பித்தாள். பசை மாதிரி, தேன் நிறத்தில் பால் வந்தது. சொட்டுச் சொட்டாக, பிறகு கீற்றுக் கீற்றாக. முதுகு ஒடிந்துவிடும் போலிருந்தபோது அரைச் சொம்பு சேர்ந்திருந்தது.

ஆட்டுக்குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் ரப்பர் மூடி போட்ட புட்டியில் ஊற்றிக் குட்டியின் வாயில் வைத்தாள். நாக்கால் தள்ளியது. உதட்டில் கொஞ்சம் தடவினாள். நக்கியது. நக்கிவிட்டு யோசித்தது. பிறகு ரப்பரைக் கவ்வி இழுத்த இழுப்பில் புட்டியே கையிலிருந்து கழன்றுவிடும் போலிருந்தது. சின்ன வாலை விசிறிபோல ஆட்டிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தது.

"குடிச்சிருச்சு அண்ணி, எல்லாத்தையும் குடிச்சிருச்சு" என்று நாத்தனார் திரும்பத் திரும்பச் சொன்னாள். கயிற்றை விட்டுவிட்டுக் குதிரையின் கழுத்தின்மேல் கை போட்டு நிற்கிறோம் என்பதையே அவள் கவனிக்கவில்லை.

ஆனால் குட்டியைப் பக்கத்தில் விட்டதும் பழைய கதைதான். மடித்த காது, தூக்கிய கால். இப்படியே போனால் இரவும் பகலும் புட்டிதான் என்று, குட்டியை மறுபடி கட்டுகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே ஆட்டுக்காரம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

அப்போதுதான் வக்கீலம்மா உள்ளே வந்தது. மந்தையிலேயே பெரிய வெள்ளாடு அது. நாள் முழுக்க எதையாவது எதிர்த்து வாதாடிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். காலையில் பாதிக் கறவையில் விட்டுவிட்டு வந்ததற்கு ஆட்சேபம் தெரிவிக்க வந்ததோ என்னவோ, கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறந்துகொண்டு வந்திருந்தது. பின்னாலேயே மீதிப் பதின்மூன்றும். வக்கீலம்மா மே மே என்று கத்திக்கொண்டே வந்து, குறுக்கே கிடந்த வைக்கோல் கட்டின்மேல் தாவி ஏறி நின்றது. பால் நிறைந்த மடி குட்டியின் மூக்குக்கு நேராகத் தொங்கியது.

குட்டி முகர்ந்து பார்த்தது. அடுத்த நிமிஷம் காம்பு அதன் வாய்க்குள் இருந்தது.

ஆட்டுக்காரம்மா ஓடிப்போய் விலக்கப் பார்த்தவள், பாதியில் நின்றுவிட்டாள். வக்கீலம்மா ஒரே ஒரு தடவை திரும்பி, தன்னைவிட நீளக் கால்கள் கொண்ட அந்தப் பிள்ளையைப் பார்த்தது. பிறகு கட்டிலிருந்து ஒரு வாய் வைக்கோலை உருவி மெல்ல ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அது வாதாடவில்லை. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டுக்காரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

இரண்டு பேரும் சீமாட்டியை மறந்தே போனார்கள். அதன் காதுகள் முன்னுக்கு வந்திருந்தன. மூக்கு விடைத்திருந்தது. தொண்டைக்குள்ளிருந்து இதுவரை யாரும் கேட்காத ஒரு சத்தம் வந்தது. கனைப்பு இல்லை, ஏதோ முனகல் மாதிரி. குட்டி காம்பை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கியது. அதே நேரம் பார்த்து, சின்னக் கொம்பு முளைத்த ஒரு கிடா, புதிதாக வந்த ஆளைப் பதம் பார்க்கலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு வந்து குட்டியின் பின்தொடையில் லேசாக ஒரு முட்டு முட்டியது.

அதற்குப் பிறகு நடந்தது கண்ணிமைக்கும் நேரம்தான். வைக்கோல் கட்டு ஒரு பக்கம் உருண்டது. கிடா அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வாசலுக்கு வெளியே போய் நின்றது. மீதிப் பதின்மூன்று ஆடுகளும் ஒரே கதவில் ஒரே சமயத்தில் வெளியேறப் பார்த்தன. ஆட்டுக்காரம்மா நாத்தனாரை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். புழுதி அடங்கியபோது, சீமாட்டி குட்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. வாசலை முறைத்துப் பார்த்தபடி பெருமூச்சு விட்டது. பிறகு கழுத்தை வளைத்துக் குட்டியின் முதுகை முகர்ந்தது. ஒரு தடவை நக்கியது. நிறுத்தாமல் நக்க ஆரம்பித்தது.

குட்டி மறுபடி மடிக்குக் கீழே போனது. சீமாட்டியின் கால் தரையிலிருந்து எழும்பியது. ஆட்டுக்காரம்மா நாத்தனாரின் கையை நகம் பதியப் பற்றினாள். கால் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. மெல்லக் கீழே இறங்கியது. சப்பும் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது நஞ்சுக்கொடியும் ஒழுங்காக விழுந்திருந்தது. பரிசோதித்துவிட்டு, பெட்டைக் குட்டி, தாயும் பிள்ளையும் நலம் என்றார். ஆட்டு விஷயத்தைக் கேட்டவர் நம்ப மறுத்தார். சாட்சிக்கு வக்கீலம்மாவையே கூப்பிடட்டுமா என்று நாத்தனார் கேட்டாள்.

குதிரைக்காரர் வந்தது அதற்கும் பிறகு. மில்லில் கூட்டம். இறக்கிய தவிட்டு மூட்டையைத் தோளில் வைத்தபடியே லாயத்துக்கு வந்தவர், வாசலில் அப்படியே நின்றார். மூட்டை நழுவியது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் குட்டியையே பார்த்தார். பிறகுதான் என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டார். கேட்டதும் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"நான் இல்லாம போயிட்டேனே" என்றார் கடைசியில்.

"நீங்க இருந்திருந்தா அவ இன்னும் படுத்தே இருக்கமாட்டா" என்றாள் ஆட்டுக்காரம்மா, வைக்கோல் ஒட்டிய கையால் அவர் தோளில் தட்டி.

மறுநாள் வெயில் ஏறியதும் தாயையும் குட்டியையும் புல்வெளியில் விட்டார்கள். குட்டி வாசற்படியில் நின்று காற்றை முகர்ந்தது. ஒரு அடி வைத்தது. இன்னொன்று. நீளக் கால்கள் நான்கும் தன்னுடையவைதான் என்று அந்த நிமிஷத்தில்தான் அதற்குத் தெரிந்தது போலும்; வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். தாயைச் சுற்றி இரண்டு வட்டம், தொட்டியைச் சுற்றி ஒன்று. நிறுத்தத் தெரியாமல் கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குள் புகுந்து, அதையும் தலையில் போர்த்திக்கொண்டு மறுபக்கம் வந்தது. கண் தெரியாத வெள்ளைப் பூதம் ஒன்று பாய்ந்து வருவதைக் கண்டு ஆடுகள் சிதறின. சீமாட்டி கனைத்துக்கொண்டே பின்னால் ஓடியது. அதன் பின்னால் குதிரைக்காரர் ஓடினார். அவருக்குப் பின்னால், போர்வை போர்வை என்று கத்தியபடி ஆட்டுக்காரம்மா ஓடினாள். எல்லோரையும் முந்திக்கொண்டு நாத்தனார் ஓடினாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.