முந்நூற்றுப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு

பேரரசர் தன் முதல் போரில் வாங்கிய வாள்வெட்டு, படையிலிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் தோளிலும் ஆளுக்கொரு நகக்கீறலாகப் பிரிந்துபோனது. அப்போது அவர் பேரரசர் இல்லை, செருப்புக் கடைக்காரர். தெருவை இடிக்க வந்த ராஜாவின் ஆட்களை எதிர்த்து இறங்கியவர். கூட இறங்கிய அத்தனை பேருக்கும் அவருடைய அக்காதான் செருப்புத் தைத்தாள். அவசரத்தில் யாருக்கும் அளவெடுக்கவில்லை; கையில் இருந்தது தம்பியின் கால் அச்சு ஒன்றுதான். எல்லாவற்றையும் அதிலேயே தைத்துத் தள்ளினாள். மறுநாளே அத்தனை பாதங்களும் அந்த அளவுக்கு வந்துவிட்டன. செருப்பு கடிக்கவில்லையே, அதுவே போதும் என்றார்கள்.

இரண்டாவது போர் பாலத்தில் நடந்தது. அம்பு அவர் வயிற்றில் பாய்ந்தது. படை முழுவதும் ஒருமுறை ‘ஸ்ஸ்’ என்றுவிட்டு முன்னேறிப் பாலத்தைப் பிடித்தது. அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. சமையல்காரர்கூடச் சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கூனிக்குறுகிப் போனார். என்ன மனிதர்! மூன்றாவது போருக்குக் கிளம்பும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டார்.

“என் அடிய நானே வாங்கிக்கறேன்க்கா.”

“வாங்குவ, வாங்குவ. நீ போய்ட்டா எனக்குன்னு யாருடா இருக்கா?” என்று அக்கா கத்தினாள். அவர் வெறுங்காலோடு போனார்.

கோட்டை வாசலில் ஒரு ஈட்டிக்காரன் எறிந்த ஈட்டி அவர் நெஞ்சில் இறங்கியது. இந்த முறை வேறு யாருக்கும் வலிக்கவில்லை. அவர் விழுந்ததையே முன்வரிசைக்காரர்கள் கவனிக்கவில்லை. அக்கா மட்டும் அவருடைய செருப்பைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு படைக்கும் நடுவில், “வழிய விடுங்கய்யா” என்று திட்டிக்கொண்டே ஓடினாள். அவர் கால் சில்லிட்டிருந்தது. மாட்டி, வாரை இறுக்கினாள். படையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், பிறகு எழுந்தார்கள். அவரும் எழுந்தார்.

ராஜாவின் ஆட்கள் இதைப் பார்த்தார்கள். தங்களுக்கு அடிபட்டபோது ராஜா ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட்டதில்லை என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். ஆயுதங்கள் கீழே விழுந்தன, கோட்டை திறந்தது. பேரரசு என்று பிற்பாடு சொல்லப்பட்டது அங்கேதான் தொடங்கியது.

ஈட்டி எறிந்தவன் அக்காவின் முன்னால் வந்து உட்கார்ந்து காலை நீட்டினான். “எனக்கும் ஒரு ஜோடிக்கா.” அவள் அவனை நன்றாக முறைத்தாள். அப்புறம் தைத்துக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு நாலடி நடந்தவன் நின்று, சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தான். நெஞ்சில் சின்னதாக ஒரு கீறல், ஈரமாக இருந்தது. “சரி” என்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.