சமையலறைக்கு ஒரு தண்ணீர் ஸ்கூட்டர்

மிக்ஸி ரிப்பேர்க்காரரின் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தரையிலிருந்து கூரைவரை தண்ணீரால் நிரம்பியிருந்தது. வாசல் கதவு திறந்தே கிடந்தும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. நிலைக்கு நேராகத் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. விரலை விட்டால் விரல் நனைந்தது, எடுத்தால் பழையபடி மூடிக்கொண்டது. குடிநீர் அலுவலகத்து ஆள் வந்து பார்த்து, "எங்க லைன்ல இவ்வளவு தண்ணி எந்தக் காலத்துல வந்துச்சு? இது எங்களுது இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் தெருவுக்கே தெரியும். அந்த வீட்டுச் சமையலறைக் குழாய் கல்யாணமான புதிதிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. மனைவி சொல்லாத நாளில்லை, அவர் "நாளைக்கு" என்று சொல்லாத நாளும் இல்லை. ஊரில் செத்துப்போன மோட்டாரெல்லாம் அவர் கைபட்டால் எழுந்து உட்காரும். சொந்த வீட்டு வாஷருக்கு மட்டும் நேரம் வாய்க்கவில்லை. ஒழுகிய தண்ணீர் என்றைக்காவது கணக்குத் தீர்க்க வரத்தானே செய்யும்?

உள்ளே இருந்த மனைவிக்கு மூச்சுத் திணறவில்லை. சொட்டுச் சொட்டாக அதனோடு வாழ்ந்து பழகியவள் அவள். கடையே கதியென்று கிடந்தவருக்கு அந்தப் பழக்கம் இல்லாததால், உள்ளே போகப் பார்த்த முதல் முயற்சியிலேயே வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார். காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட வேண்டியதாயிற்று. அவள் பேசியதெல்லாம் குமிழிகளாக மேலே ஏறி, சமையலறை வென்டிலேட்டர் வழியாகச் சந்துக்கு வந்து, உடைந்து, குரலாகக் கேட்டது. எதிர்வீட்டுத் தையல்காரி தன் மிஷினையே சந்துக்கு மாற்றிக்கொண்டாள். புதன்கிழமை வந்த குமிழி இது: "இங்க சுவத்துல புதுசா ஒரு கதவு வந்திருக்குக்கா. அந்தப்பக்கம் ஒரே வெளிச்சம், கடல் மாதிரி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். குழாய் நின்னா இருக்கேன். இல்லன்னா கிளம்பிடுவேன்."

அவளுடைய தம்பி துறைமுகத்தில் கப்பல்களின் அடிவயிற்றைச் சுரண்டுகிறவன். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு உள்ளே போனவன், சோபாவைத் தாண்டுவதற்குள் பாதிக் காற்று தீர்ந்துபோய்த் திரும்பிவிட்டான். "உங்க வீடு உள்ளுக்குள்ள ரொம்ப நீளம் மாமா. காலை உதைச்சு நீந்துனா காத்து பத்தாது. ஆளை இழுத்துட்டுப் போற ஸ்கூட்டர் மாதிரி ஒண்ணு வேணும்" என்றான். அதற்குள் சந்தில் ஒரு குமிழி உடைந்தது. "தம்பி, நீ வராதே. வாஷர் மாத்த வேண்டியவரு அவரு."

மிக்ஸிக்காரர் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு வேலையில் உட்கார்ந்தார். தொடைப் பருமனுள்ள பிளாஸ்டிக் குழாயைத் துண்டு போட்டு, துளைபோடும் மிஷினின் மோட்டாரையும் பைக் பேட்டரியையும் அதற்குள் இறக்கினார். தண்டு வெளியே வரும் இடத்தில் மிக்ஸி ஜாருக்குப் போடும் ரப்பர் சீலை இரட்டையாகப் போட்டு, கிரீஸை அப்பினார். மேஜை மின்விசிறியின் இறக்கைகளை வெட்டிச் சிறிதாக்கிப் பின்னால் மாட்டினார். இரண்டு முனைகளையும் மூடி, பசை பூசி இறுக்கினார். தண்ணீர் டிரம்மில் போட்டால் கட்டைபோல் மிதந்தது. ஈயத் துண்டுகளைக் கட்டிக்கட்டி, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நடுவில் நிற்கும்வரை விடவில்லை. ஓட்டிப் பார்க்க டிரம்மில் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தையல்காரி ஓடிவந்தாள். "அந்தப் புதுக் கதவுத் தாழ்ப்பாள்ல கை வச்சுட்டாளாம்! அங்க என்ன இன்னும் உருட்டிட்டு இருக்கீங்க?" அவர் மச்சினனின் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, புது வாஷரைச் சட்டைப் பையில் போட்டு, ஸ்பேனரை இடுப்பில் செருகி, வாசல் தண்ணீருக்குள் இறங்கி ஸ்விட்சை அழுத்தினார். ஸ்கூட்டர் அவரைத் தெருவுக்கே தள்ளிவிட்டது. கைப்பழக்கத்தில் மிக்ஸி பிளேடு சுற்றும் பக்கமாகவே வயரைக் கொடுத்திருந்தார். இறக்கையோ மறுபக்கம் சுற்ற வேண்டியது. பசை போட்ட குழாயை அறுத்து மறுபடி ஒட்டினால் காய ஒரு நாள் ஆகும்.

"மாமா, வண்டி ரிவர்ஸ்ல போகுது!"

"போகட்டும்டா. போற இடம் அதேதானே" என்றார் அவர். முகத்தைத் தெருவுக்குத் திருப்பி, காலை வீட்டுக்குள் நீட்டி, மறுபடி அழுத்தினார்.

முன்னால் வருவது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தாண்டியது மட்டுமே கண்ணுக்கு எதிரே நின்றது. நாளைக்கு ஒட்டுவதாகச் சொன்ன நாற்காலிக்கால் கடந்து போனது. நாளைக்கு மாட்டுவதாகச் சொன்ன கல்யாணப் படம், தரையில் சாத்தியபடியே கடந்து போனது. மூடாத அலமாரிக் கதவு, ஓடாத கடிகாரம் என்று ஒவ்வொன்றும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிறிதாகி மறைந்தது. கடையில் என்றால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளலாம். இங்கே திரும்ப வழியில்லை. சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டபோது அவர் முதுகில் ஒரு கை பட்டது.

சந்தில் குமிழி உடைந்தது. "கடையிலயும் முதுகு, இங்கயும் முதுகுதானா?" அதன் பின்னாலேயே ஒரு சிரிப்பு வந்து உடைந்தது. அந்தச் சிரிப்பைத் தெரு கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு ஸ்பேனர் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷமாகத் தங்கள் காதில் ஒரு சொட்டு விழுந்துகொண்டே இருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. தையல்காரி ஊசியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கடைசியாக ஒரு சின்னக் குமிழி வந்தது. "தாழ்ப்பாள் போட்டுட்டேன்கா. நீங்க போய்த் தூங்குங்க."

சிலிண்டரில் காற்று அப்போதே தீர்ந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் மனைவி சொல்லித்தான் தெரியும். தண்ணீர் வடியவில்லை. குழாய் ஒழுகாததால் ஏறவும் இல்லை. காலையில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறார். சோபாவுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த தூரம் வருஷத்துக்கு வருஷம் குறைந்து, இப்போது பழைய பத்தடிக்கு வந்திருக்கிறது. வயரை மாற்றிப் போடவா என்று ஒரு தரம் கேட்டார். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள். போன மாதம் படுக்கையறை ஜன்னல் கொக்கி கழன்று மிதந்தது. அன்றைக்கே மாட்டிவிட்டார்.