மறுபடி வயசுக்கு வந்தவள்

தையலக்காவுக்கு நடை என்றாலே வேப்பங்காய். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு தெரு. அதற்கும் பஸ் விட்டால் முதல் ஆளாக ஏறி உட்காருவாள். காலையில் மிஷினில் உட்கார்ந்தால் ராத்திரி ஷட்டரை இழுக்கிறபோதுதான் எழுந்திருப்பாள். மத்தியானச் சாப்பாடுகூட நூல்கண்டுகளை ஒதுக்கிவிட்டு மிஷின் பலகைமேல்தான். வருஷக்கணக்காக இதே கதை. இடுப்பு பெருத்தது, முட்டி தேய்ந்தது, போதாக்குறைக்குச் சர்க்கரையும் வந்து ஒட்டிக்கொண்டது.

"நடங்கம்மா" என்றார் சர்க்கரை டாக்டர். "நடக்கலேன்னா நான் குடுக்கிற மாத்திரையெல்லாம் தண்டம்."

"ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறேன் டாக்டர், என்னை அளக்கத்தான் டேப்பு பத்தலை" என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள். ஆனால் பக்கத்துக் கடைக்காரி விடவில்லை.

பக்கத்துக் கடைக்காரியை எல்லாரும் ஜெராக்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள் என்பது பாதிக் காரணம். ஒரு விஷயம் அவள் காதில் விழுந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பத்து காப்பி போய்விடும் என்பது மீதிக் காரணம். கெட்ட மனசு கிடையாது. ஓட்டை வாய், அவ்வளவுதான். தையலக்காவைவிட நாலைந்து வயசு சின்னவள். புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகிறது, பிள்ளைகளும் கிடையாது. அவளுக்கு எல்லாமே அக்காதான்.

"அக்கா, நீயா நடக்கலேன்னா தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போவேன். தெருவே நின்னு பார்க்கும், பரவாயில்லையா?" என்று மிரட்டி, மறுநாள் காலையிலேயே அவளைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மைதானத்தில் ஒரு பி.டி. டீச்சர் இருந்தார். ரிட்டயர் ஆகியும் விசிலைக் கீழே வைக்காத மனுஷி. அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, கையை ஆட்டு, காலைத் தூக்கு, எட்டிப் போட்டு நட என்று வேலை வாங்குவார். "உடம்பும் உன் மிஷின் மாதிரிதான் தையல். ஓட்டாம வச்சா இறுகிப் போயிடும்" என்பார். முதல் வாரம் தையலக்கா அவரை மனசுக்குள் திட்டாத திட்டில்லை. தொடை இரண்டும் கட்டிக்கொண்டு, மிஷின் பெடலை மிதிக்கவே கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பலன் இருந்தது. சர்க்கரை இறங்கியது. முட்டி கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. அந்த ஒரு தெருவுக்குப் பஸ் கேட்பதை மறந்தாள். தன்னுடைய ஜாக்கெட்டுகளையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டாள். "ஊரார் துணியைப் பிடிச்சுத் தைச்சிருக்கேன். என் துணியைப் பிடிச்சுத் தைக்கிறது இதுதான்டி முதல் தடவை" என்று ஜெராக்ஸிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் குளிக்கப் போனவள் உள்பாவாடையில் ரத்தம் பார்த்தாள்.

நாலு வருஷமாக நின்றுபோயிருந்தது. நின்றபோது, தொல்லை விட்டது என்று வெளியில் சொன்னாளே தவிர, உள்ளுக்குள் பாதிக் கடையைச் சாத்திவிட்ட மாதிரி ஒரு வருத்தம் இருந்தது. இப்போது வலி இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு நாள் லேசாகப் பட்டுவிட்டு நின்றது. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஜெராக்ஸைக் கடைக்குள் கூப்பிட்டு, துணி மாட்டுகிற திரைக்குப் பின்னால் வைத்துக் காதில் சொன்னாள்.

"அடி சக்கை!" என்று கத்தினாள் ஜெராக்ஸ். "அக்கா, நீ மறுபடி வயசுக்கு வந்துட்டே!"

"கத்தாதடி, மானம் போகுது."

"என்ன மானம்? நடந்து நடந்து பத்து வயசு குறைஞ்சு போச்சு உனக்கு. கண்ணாடியில மூஞ்சியைப் பாரு, தகதகன்னு இருக்கு!"

அப்புறம் என்ன? மறுநாள் மைதானத்தில் அத்தனை பேருக்கும் காப்பி போய்விட்டது. கைதட்டினார்கள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். இன்னொருத்தி, "வீட்டுக்காரர் உஷார்!" என்று கேலி பண்ணினாள். பி.டி. டீச்சர்கூட, "ரத்த ஓட்டம் சீராயிடுச்சு. தேங்கிக் கிடந்த அழுக்கெல்லாம் வெளியே போகுது. எல்லாம் உடம்புக்கு நல்லதுதான்" என்றார். எத்தனையோ பெண்பிள்ளைகளை ஓட வைத்தவர், அவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

அட, அந்த மைதானத்தில் அத்தனை பேர் நின்றார்களே, அதில் ஒருத்திக்காவது, ஒரே ஒருத்திக்காவது, "எதுக்கும் டாக்டரைப் பார்த்துடுடி" என்று சொல்லத் தோன்றியிருக்கக் கூடாதா? நினைத்தால் வயிறு எரிகிறது. யாருக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் பொறாமைதான் வந்தது.

தையலக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இன்னும் வேகமாக நடந்தாள். ரத்தம் வரும், நிற்கும், மறுபடி வரும். வந்தபோதெல்லாம் சந்தோஷப்பட்டாள். புதிதாக யாராவது மைதானத்துக்கு வந்தால் டீச்சர் இவளைத்தான் கையைக் காட்டுவார். "இந்தத் தையலைப் பாருங்க. நின்னதே திரும்ப வந்துடுச்சு. நடையோட மகிமை!" இவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். ஒரு வருஷம் இப்படியே போனது.

பிறகு ரத்தம் அதிகமானது. இடையில் தண்ணீர் மாதிரியும் பட்டது, வாடை அடித்தது. ஒரு நாள் அளவு கொடுக்க வந்தவள் முன்னால் எழுந்து நின்றபோது நாற்காலிக் குஷனில் கறை. அப்போதும் அவள் கெட்டதாக எதையும் நினைக்கவில்லை. வயசுப் பெண்களுக்கு வருவதுதானே என்று குஷன் உறையைக் கழற்றி அலசிப் போட்டாள்.

சர்க்கரை டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கப் போனபோது அவளாகத்தான் சொன்னாள், அதுவும் நல்ல சேதி சொல்கிற மாதிரி. "நடக்கச் சொன்னீங்களே டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நின்னுபோனதுகூடத் திரும்ப வந்துடுச்சு!"

டாக்டர் சிரிக்கவில்லை. "எது திரும்ப வந்துச்சு?" என்று கேட்டார். இவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவர் மாத்திரைச் சீட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரி லேடி டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதினார். "இன்னைக்கே போங்கம்மா. நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க" என்றார். மாத்திரைகூட வாங்காமல் அவள் கிளம்பினாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளேயிருந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்த அன்று லேடி டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கர்ப்பப்பையில கேன்சர்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். ஆனா கொஞ்சம் வெளியிலயும் பரவியிருக்கு. அதுக்கப்புறம் கரன்ட் வைக்கணும், ரேடியேஷன்."

தையலக்கா அழவில்லை. "நடந்தது தப்பா டாக்டர்?" என்று கேட்டாள்.

"நடந்தது தப்பே இல்லை. சர்க்கரைக்கு, எடைக்கு, எல்லாத்துக்கும் அது நல்லது. இனிமேலும் நடக்கணும். ஆனா ஒரு வருஷம் முழுசா நின்னுபோனது மறுபடி வந்தா, அது இளமை இல்லம்மா. ஒரே ஒரு சொட்டு வந்தாலும் வந்து காட்டணும். நிறைய பேருக்கு ஒண்ணும் இருக்காது. ஆனா சிலருக்கு இதுவா இருக்கும். முதல் சொட்டுலயே நீங்க வந்திருந்தா ஆபரேஷனோட முடிஞ்சிருக்கலாம்."

"எல்லாரும் கைதட்டினாங்க டாக்டர்" என்றாள் தையலக்கா. டாக்டருக்கு அது புரியவில்லை.

வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான். கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்பதுதான். மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால், பெண்ணுக்கும் நாளைக்கு வருமே என்று பின்வாங்கிவிடுவார்களாம். "கல்லுன்னு சொல்லு. பித்தப்பையில கல்லு. முக்கியமா அந்த ஜெராக்ஸுக்குத் தெரியவே கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா மைக் வச்சு அறிவிச்ச மாதிரி."

தையலக்காவுக்கும் அது நியாயமாகப் பட்டது. தவிர, வயசு திரும்பியதென்று அத்தனை பேர் கொண்டாடிய பிறகு, எந்த முகத்தோடு போய் இதைச் சொல்வது? கல்லு என்றே சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஜெராக்ஸ் தினமும் வந்தாள். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வருவாள். தலை வாரி விடுவாள், கால் பிடித்து விடுவாள், கிளம்புகிறவரை பேசிக்கொண்டே இருப்பாள். "அக்கா, கல்லை எடுத்தாங்களே, உன்கிட்ட குடுத்தாங்களா? குடுத்திருந்தா ஒரு மோதிரம் பண்ணிப் போட்டுக்கலாமே?" தையலக்காவுக்குச் சிரித்துச் சிரித்துத் தையல் இழுத்தது. வலியிலா, எதிலா என்று தெரியாமல் கண்ணும் நிறைந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

கரன்ட் வைக்கப் போன வாரங்களில், உறவுக்காரர் வீட்டில் ஓய்வெடுக்கிறேன் என்று கடையில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது பிடித்துத் தைத்த ஜாக்கெட்டுகளும் தொளதொளவென்று தொங்கின. "சின்னச் சின்னதா நடங்க, உடம்பை முடக்கிப் போடாதீங்க" என்று லேடி டாக்டர் சொன்னதால் மறுபடி மைதானத்துக்குப் போனாள்.

"வந்துட்டா நம்ம குமரிப்பொண்ணு!" என்றார் டீச்சர். புதிதாக வந்திருந்த இரண்டு பெண்களிடம் அதே கதையைச் சொன்னார். நின்றது திரும்ப வந்த கதை. அவர்கள் இவளை வாய் பிளந்து பார்த்தார்கள். தையலக்கா மறுத்துப் பேசவில்லை. வரன் இன்னும் முடிவாகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

மற்றவர்களோடு ஈடுகொடுக்க முடியவில்லை. பின்தங்கிப் போனாள். ஜெராக்ஸும் அவள் கூடவே பின்தங்கினாள். ஏன் இவளும் இப்படி மெதுவாக நடக்கிறாள் என்று தையலக்கா யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெராக்ஸ் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ஒரு விஷயம். உனக்கு மட்டும்தான் சொல்றேன், வேற யாருக்கும் தெரியாது. எனக்கும் வந்துடுச்சு."

"என்னடி வந்துடுச்சு?"

"அதுதான். எனக்கும் நின்னு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே, உனக்கு வந்த மாதிரியே திரும்ப வந்துடுச்சு. நீ ஆபரேஷன் ஆகிக் கிடந்தியே, அப்பவே ஆரம்பிச்சிடுச்சு. நீ வலியில படுத்திருக்கும்போது என் சந்தோஷத்தைச் சொல்ல மனசு வரலை. கண்ணு பட்டுடுமோன்னு இவளுங்ககிட்டயும் சொல்லலை. உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு வச்சிருந்தேன்."

தையலக்கா நடையை நிறுத்தினாள். ஊரார் சங்கதியெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள். அது இதுவாகவா இருக்க வேண்டும்!

"பரவசத்துல வாயடைச்சுப் போச்சா?" என்றாள் ஜெராக்ஸ்.

"அது வயசு இல்லடி" என்றாள் தையலக்கா. குரல் அவளையறியாமல் உயர்ந்தது. "எனக்குக் கல்லு இல்லை. கேன்சர். கர்ப்பப்பையில கேன்சர். அந்த ரத்தம் அதுதான். யாருக்கு நின்னது திரும்ப வந்தாலும் ஓடிப் போய் டாக்டரைப் பாருங்கடி!" முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்று திரும்பினார்கள். டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். வரன், மாப்பிள்ளை வீடு, வீட்டுக்காரர் எதுவுமே அப்போது தையலக்காவின் நினைவில் இல்லை. ஜெராக்ஸின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நடக்க முடியாத காலோடு சாலைக்கு ஓடி, கிடைத்த ஆட்டோவில் ஏற்றினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அதே லேடி டாக்டர். அதே ஸ்கேன். தையலக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தன் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். கும்பிடாத சாமியில்லை.

வெகு நேரம் கழித்து ஜெராக்ஸ் வெளியே வந்தாள். பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"உள்ள தடிப்பா இருக்காம். சதை எடுத்திருக்காங்க. ரிசல்ட் வர்றவரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதாம். ஆனா டாக்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை."

"ஒண்ணும் இருக்காதுடி. நிறைய பேருக்கு ஒண்ணும் இருக்காதுன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க."

ஜெராக்ஸ் தரையைப் பார்த்தபடி இருந்தாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில கல்லு, மோதிரம்னு கேலி பண்ணிட்டிருந்தேனே. அப்பவே தெரியுமா?"

தையலக்கா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"தினமும் வந்தேனே."

"பொண்ணுக்கு வரன் பேசிட்டிருந்தாங்க. அவரு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு..."

"அவ எனக்கும்தானே பொண்ணு." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நான் வெளியில சொல்லிடுவேன்னு பயந்துட்டீங்க."

தையலக்கா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்துப் பக்கத்துக் கடையில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள். சண்டை போட்டபோதுகூட 'நீ, வா, போ'தான்.

"ஏய், என்னடி நீங்க, போங்கன்னு..." என்று அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

ஜெராக்ஸ் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "உடம்பு முடியாதவங்க, இங்க எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க? வீட்டுக்குப் போங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.