பதில் பெல்

ராபர்ட்சன்பேட்டை கடையில் பழசாக வாங்கிய கேம் கன்ட்ரோலரை டென்னிஸ் கம்ப்யூட்டரில் சொருகினான். திரையில் கார் சீறிப் பாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று அந்தக் காலத்தில் கட்டிய லைன் வீடு.

"நாப்பது வயசுல தொர கார் ஓட்டுறாரு பாரு!" என்று சிரித்தாள் மனைவி லதா.

கார் மோதும்போதெல்லாம் கன்ட்ரோலர் கையில் அதிர்ந்தது. போதுமென்று ஆட்டத்தை மூடி, ஒயரைப் பிடுங்கினான்.

டிர்ர். டிர்ர்.

ஒயர் இல்லாமலா? மறுபடியும் இரண்டு.

டென்னிஸின் அப்பா, இப்போது மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஆட்கள் ஏறும் இரும்புக் கூண்டான கேஜை ஷாஃப்டுக்குள், அந்தச் செங்குத்துக் குழிக்குள், இறக்கி ஏற்றியவர். பிள்ளைகள் விளையாடியதே அந்த பெல் விளையாட்டுதான். ஒன்று, நிறுத்து. இரண்டு, இறக்கு. மூன்று, ஏற்று. ஆட்கள் கேட்டைச் சாத்திக்கொண்டு பெல் அடிப்பார்கள். டிரைவர் அதையே திருப்பி அடித்தால்தான் கேஜ் நகரும்.

பழக்கதோஷம். விரல் பொத்தானை இரண்டு தரம் அமுக்கிவிட்டது.

காது அடைத்தது. ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் மேலே போயிற்று. பிறகு வேர். பிறகு ஈரப் பாறை.

"இன்னாங்க இது, வூடு எறங்குது!" லதா அவன் சட்டையைப் பற்றினாள்.

பதறி ஒரு தரம் அமுக்கினான். வீடு குலுங்கி நின்றது. வெளியே கும்மிருட்டு.

"மூணு அடிங்க!"

அடித்தான். அசையவில்லை.

"டிரைவர் அவனா ஏத்த முடியாது லதா. ஆளுங்க பெல் குடுக்கணும்."

கதவுக்கு அப்பால் பூட்ஸ் சத்தம். இருமல். யாரோ தட்டினார்கள்.

"கேட்டைத் தெறப்பா. ஷிப்ட் முடிஞ்சிப்போச்சி."

"வாணாங்க... தெறக்காதீங்க."

"தெறக்கலன்னா நம்ப இங்கியேதான்."

திறந்தான். யாரும் தெரியவில்லை. ஈரக் காற்று மட்டும் அவனை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது, வந்துகொண்டே இருந்தது. நிற்க இடமில்லாமல் லதா சுவரோடு ஒட்டினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கன்ட்ரோலர் மூன்று முறை அதிர்ந்தது. டென்னிஸ் மூன்றைத் திருப்பிக் கொடுத்தான்.

பாறை இறங்கியது. வெயில் வந்தது. மேலே வந்துவிட்டார்கள்! லதா பாய்ந்துபோய்க் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

ஒரு பூட்ஸும் நகரவில்லை.

"எறங்கச் சொல்லுங்க" என்றாள்.

"அண்ணே... மேல வந்தாச்சி. எறங்குங்க."

அவன் காதோரம் ஒரு குரல் சாவகாசமாகச் சொன்னது:

"எங்கப்பா எறங்கறது? எங்க வூடே இதானே."

கட்டில் முனகிக்கொண்டு தாழ்ந்தது.